விமானத்தின் பெட்ரோல் டேப்பை மூடியவள்

அந்த டேப்பை மூடியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றவள், எழுதும்போதாவது சுற்றி வளைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் நிலம் உப்பிலியபுரத்தைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே போய்வருவேன். திருவெள்ளறை தாண்டுவதற்குள் பஸ்ஸில் ஒரு தூக்கம், துறையூரில் இறங்கி ஒரு டீ, அப்புறம் டவுன் பஸ். நிலத்தில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. குத்தகைக்கு எடுத்தவர்தான் பயிர் வைக்கிறார். "நிலம் அங்கேயே இருக்கா, எங்கயாச்சும் நடந்து போயிடுச்சான்னு பார்க்கப் போறா" என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்வார். அவர் விபத்தில் அடிபட்ட கார், லாரிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிறவர். எதையும் நேரில் போய்ப் பார்ப்பது தன் தொழில், என் தொழில் இல்லை என்பது அவர் எண்ணம்.

அன்றைக்கு மக்காச்சோளம் ஒடித்து முடித்து, தட்டையையும் வெட்டி எடுத்திருந்தார்கள். வயல் மொட்டையாகக் கிடந்தது. காலை பத்து மணி இருக்கும். குத்தகைக்காரர் சோளத்தைக் காயப்போட ரோட்டுக்குப் போயிருந்தார். நான் பம்புசெட் அறை வாசலில் உட்கார்ந்து வாட்ஸப்பில் மூழ்கியிருந்தேன். மலைக்கு மேலே ஒரு சின்ன விமானத்தின் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்தில் அது புதிதில்லை. பயிற்சி விமானங்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போகும், நாங்கள் தலையைக்கூடத் தூக்க மாட்டோம். அன்று சத்தம் நின்றபோதுதான் தலையைத் தூக்கினேன். விக்கல் மாதிரி இரண்டு தடவை இழுத்து, நின்றேவிட்டது.

சத்தமில்லாத விமானத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மலையின் கடைசி முகட்டைத் தாண்டி, மரங்களை உரசுகிற மாதிரி வந்தது. ரோட்டுப் பக்கம் திரும்பியது. பிறகு என்ன நினைத்ததோ, மறுபடி வளைந்து நேராக எங்கள் வயலைப் பார்த்து வந்தது. எழுந்து ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "வேண்டாம், வேண்டாம், கரண்ட் கம்பி இருக்கு" என்று வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் விமானத்திடம் சொல்லிக்கொண்டு நின்றேன். அது கம்பியைத் தாண்டி, வயலில் மோதி, குதித்து, மறுபடி மோதி, வரப்பில் முன்சக்கரத்தை ஒடித்துக்கொண்டு, வேலிக்கல்லில் இறக்கை நுனி இடித்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஓடினேன். என் வயதுக்கும் எடைக்கும் அதை ஓட்டம் என்று சொல்லலாமா தெரியவில்லை. மேலே இருந்த கண்ணாடி மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் பாதி வெளியே வந்திருந்தாள். இருபது வயது இருந்தால் அதிகம். நெற்றியில் ரத்தம். ஒரு தோள் கீழே இறங்கியிருந்தது. உள்ளே வேறு யாரும் இல்லை. அக்குளில் கைகொடுத்து இழுத்து, பாதி தூக்கியும் பாதி நடத்தியும் வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஸாரி ஆன்ட்டி, உங்க வயலா?"

அப்போதுதான் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது.

இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு பிளஸ் ஒன் வகுப்புக்கும் ஆய்வுக்கூடத்தில் நான் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான். வாடை வந்தால் கத்தாதே, ஓடாதே, முதலில் டேப்பை மூடு. வீட்டிலும் நான் அப்படித்தான். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று தெருக்கோடியிலிருந்து திரும்பி வருகிறவள். அதனால் அந்த இடத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. கால் தானாக விமானத்துக்குப் போயிற்று. முன்சக்கரம் ஒடிந்து அது மண்டியிட்டிருந்ததால் இறக்கை முழங்கால் உயரம்தான். அதில் ஏறி உள்ளே குனிந்தேன். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி. டேப் எந்த ரூபத்தில் இருந்தாலும் எனக்குத் தெரியும். என் பக்கமாகத் திரும்பியிருந்தது. பிடித்துத் திருப்பி, ஆஃப் என்று சிவப்பில் எழுதியிருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். இறங்கி வரும்போது உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அரை மணி நேரத்தில் ஊரே வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனது. விமானத்தோடு செல்ஃபி எடுக்க முண்டியவர்களை விரட்டி விரட்டி அலுத்துப்போன இன்ஸ்பெக்டர், அந்தக் கடுப்பு மாறாமல் என்னிடம் வந்தார்.

"நீங்கதான் முதல்ல வந்தவங்களா? உள்ள எதையும் தொடலியே? தொட்டிருந்தா கேஸ் ஆயிடும், தெரியும்ல?"

"இல்லைங்க சார்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. போலீஸ்காரர் எது கேட்டாலும் முதலில் "இல்லை" என்பது நம் ஊரில் பழக்கதோஷம். என் வாயிலும் அதுதான் வந்தது. அவர் அதையே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். முதலில் வந்தவள் நான், உள்ளே எதையும் தொடவில்லை. டீச்சர் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விமானம் இறங்கிய கதையை ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், டேப் விஷயம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ எதுக்கு அதைப் போய்த் தொட்டே?"

"வாடை வந்துச்சு."

"வாடை வந்தா மூக்கைப் பொத்திக்கணும்" என்றார். பிறகு, "சரி, யார்கிட்டயும் சொல்லலைல்ல? அப்படியே விட்டுடு. யார் கேக்கப் போறா?"

கேட்டார்கள். என்னை இல்லை, அவளை.

நான்காம் நாள் பள்ளி விட்டதும் பஸ் ஏறி, திருச்சி புத்தூரில் அவள் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோளிலும் கணுக்காலிலும் முறிவு. ஒரு ஆபரேஷன் முடிந்து, இன்னொன்றுக்குக் காத்திருந்தாள். கூட அவள் அம்மா. வேறு மாவட்டத்தில் தையல்கடை வைத்திருப்பவர், கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் இல்லைன்னா என் பொண்ணு என்ன ஆகியிருப்பாளோ டீச்சர்" என்று அழுதார். என்னை உட்காரவைத்து, பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

அந்தப் பெண்ணுக்குப் பேசப் பிடித்திருந்தது. மலைமேல் நடந்ததை எனக்கு விவரமாகச் சொன்னாள்.

"எஞ்சின் நின்னா உடனே விழுந்துடாது ஆன்ட்டி. மூக்கைக் கொஞ்சம் இறக்கி ஒரே ஸ்பீடுல பிடிச்சா சறுக்கிக்கிட்டே வரும். சமவெளின்னா நிதானமா இடம் தேடலாம். மலைக்கு மேலங்கறதால தரை ரொம்பக் கிட்ட இருந்துச்சு. மேல இருந்து பார்த்தா மலையில மரவள்ளி போட்டிருக்கற இடமெல்லாம் கிரவுண்டு மாதிரி தெரியும். கிட்ட வந்தாதான் அது படி படியா இருக்கறது தெரியுது. பள்ளத்தாக்குக்குள்ள இறங்கிட்டா திரும்ப இடம் இருக்காது. அதான் எப்படியாவது முகட்டைத் தாண்டிடணும்னு வந்தேன். தாண்டினா காத்து கீழ பிடிச்சுத் தள்ளுது. சரி, ரோட்டுல இறங்கலாம்னு திரும்பினா, ரோடு பூரா சோளம் காயப்போட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்க."

"அதுல ஒருத்தர் எங்க குத்தகைக்காரர்" என்றேன். அவள் சிரித்தாள், தோள் வலித்து நிறுத்தினாள்.

அதன் பிறகுதான் அதைச் சொன்னாள். விமானத்தில் இரண்டு டேங்க், இடது இறக்கையில் ஒன்று, வலது இறக்கையில் ஒன்று. எஞ்சின் நின்றால் முதல் வேலை டேங்க் மாற்றுவது. நடுவில் இருக்கும் கைப்பிடியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திருப்ப வேண்டும். பெரும்பாலும் எஞ்சின் மறுபடி பிடித்துக்கொள்ளுமாம்.

"நான் லெஃப்ட்ல இருந்து ரைட்டுக்கு மாத்தினேன். பிடிக்கலை. இப்படி வயல்ல இறங்கறதுக்கு முன்னாடி, தீப்பிடிக்காம இருக்க மொத்தமா மூடிடணும், அதுவும் ரூல்தான். கம்பியைத் தாண்டற அவசரத்துல அதைச் செய்யலை. செய்யலைன்னு உண்மையைச் சொன்னேன். ஆனா ஆபீசர்ஸ் வந்து பார்த்தப்ப கைப்பிடி ஆஃப்ல இருந்துச்சாம்."

"அதனால என்ன?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் மூடலைன்னா யார் மூடினது? யாரும் தொடலைன்னு ரிப்போர்ட் இருக்கு. அப்ப, பதட்டத்துல டேங்க் மாத்தறதா நினைச்சு நானே மேல வச்சே ஆஃப் பண்ணியிருக்கணும். அதனாலதான் எஞ்சின் திரும்பப் பிடிக்கலை. நல்லா இருந்த விமானத்தை நானே கொண்டுபோய் வயல்ல போட்டிருக்கேன்." தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாத்தினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இருந்துச்சு. இப்ப கேக்கக் கேக்க, நான்தான் மூடிட்டேனோன்னு தோணுது ஆன்ட்டி."

சொல்லியிருக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நிமிஷத்தில், "மூடினது நான்தாம்மா" என்று இரண்டே வார்த்தை. யாரும் தொடவில்லை என்று ரிப்போர்ட் கொடுத்த நான், அவள் அம்மா ஊற்றிய காபியைக் குடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். "எல்லாம் சரியாயிடும்மா" என்றேன். எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது அந்தச் சொல்லில்தான். பஸ்ஸில் காவிரிப் பாலம் வரும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சோடு நிற்கவில்லை, கால் வரைக்கும் வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டில் நிற்க முடியாமல் கோயிலைச் சுற்றி இருக்கும் நாலு சித்திரை வீதியையும் சுற்றினேன். முடித்ததும் மறுபடி சுற்றினேன். பூ விற்கிற அம்மா, "என்ன டீச்சர், வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தப்பும் இல்லை. யாராவது வந்து என்னைக் கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுதலாக இருந்தது. நானாகப் போய்ச் சொல்லும் தைரியத்தை வேண்டிக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

வகுப்பில் சின்னத் தப்புக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒரு பெண் ஆசிடை மேஜையில் சிந்திவிட்டு மறைக்கப் பார்த்தாள். வழக்கமாக அரை மணி நேரம் உபதேசம் பண்ணுகிறவள், அன்று துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் தினமும் சண்டை.

"இப்ப போய்ச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்பார் வீட்டுக்காரர். "எழுதிக் கொடுத்தது பொய்னு ஆகும். ஸ்கூல்ல மெமோ வரும். இன்ஸ்பெக்டர் சும்மா விடுவாரா?"

"அந்தப் பொண்ணு கதி?"

"உயிர் பொழைச்சிருக்கு. அதுவே பெருமாள் புண்ணியம். மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க. முப்பது வருஷமா நான் பார்க்கறேன், முதல்ல ஒண்ணும் அப்புறம் ஒண்ணும் சொல்ற சாட்சியை யாரும் மதிக்க மாட்டாங்க. ரெண்டையுமே நம்ப மாட்டாங்க."

"அப்ப முதல்நாளே ஏன் சொல்லுன்னு சொல்லலை?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அவரைக் கேட்டு என்ன பயன்? நான் என்ன பச்சைக்குழந்தையா, அவர் சொன்னதால் வாயை மூடிக்கொள்ள? கேஸ், மெமோ, ரிட்டையர் ஆக நாலு வருஷம் இருக்கிற நேரத்தில் பெயர் கெடுவது. பயம் என்னுடையது. அதை அவர் வாயால் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

பத்தாம் நாள் பள்ளியில் இடைவேளையின்போது அவள் அம்மா போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க, ஒரு யோசனை சொல்லணும். நாளைக்கு இவ எழுதிக் கொடுக்கணுமாம். பதட்டத்துல நானே மூடியிருக்கலாம்னு எழுதப் போறேங்கறா. ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்னு கூடப் படிக்கற பசங்க சொல்றாங்களாம். அப்படி எழுதினா இனிமே தனியா பறக்க விடுவாங்களா டீச்சர்? பறக்க வேண்டாம்னும் சொல்றா. எனக்குப் பிடிக்கலை, என் கை என் பேச்சைக் கேக்கலைங்கறா. சின்ன வயசுலேருந்து இது ஒண்ணுதான் கேட்டா."

"எதையும் எழுத வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். "நாளைக்கு வரைக்கும் எதையும் எழுதக் கூடாது."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நான் போறேன்" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து ஸ்கூட்டரை எடுத்தார். விசாரணை அதிகாரிகள் ஏர்போர்ட் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார்கள். வாசலில் என்னை இறக்கிவிட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தெரிஞ்சதைத் தெரியும்னு சொல்லு, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு" என்றார். அவர் தொழிலில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பாரோ. வேப்பமர நிழலில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி சென்னைக்காரர், என்னைவிடச் சின்னவர். நான் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"போலீஸ்ல எழுதினதைப் பிறகு பார்க்கலாங்க. முதல்ல வந்து காட்டுங்க" என்றார்.

பக்கத்தில் ஒரு ஷெட்டில் விமானத்தை வைத்திருந்தார்கள். லாரியில் ஏற்றுவதற்காக இறக்கைகளைக் கழற்றி, சுவரோரம் சாத்தியிருந்தது. நடுவில் உடம்பு மட்டும் மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது. ஸ்டூல் போட்டு ஏறிக் குனிந்தேன். கைப்பிடியைப் பார்த்ததும் கை தானாகப் போயிற்று. பிடித்து, திருப்பி, ஆஃப். சந்தேகமே இல்லை.

"சரி. நீங்க பிடிக்கறதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ரைட்" என்றேன் உடனே.

"எப்படிச் சொல்றீங்க?"

"என் பக்கமா திரும்பியிருந்துச்சு."

"நீங்க எந்தப் பக்கத்து இறக்கையில ஏறினீங்க?"

வாயைத் திறந்தேன். பெண்ணை இறக்கிய பக்கமே ஏறினேனா, வேலிக்கல் தடுத்ததென்று சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேனா? புழுதி ஞாபகம் இருந்தது. இறக்கை வெயிலில் சுட்டது ஞாபகம் இருந்தது. எந்த இறக்கை? கைப்பிடி என் பக்கம் பார்த்திருந்தது, அது ஒன்றுதான் என் கண் பார்த்தது. நான் நின்றது வலதுபக்கம் என்றால் அவள் டேங்க் மாற்றியிருக்கிறாள். இடதுபக்கம் என்றால் மாற்றவே இல்லை.

"அந்தப் பொண்ணை அப்புறம் பார்த்தீங்களா? இதைப் பத்திப் பேசினீங்களா?" என்று கேட்டார்.

"பார்த்தேன். லெஃப்ட்ல இருந்து ரைட்டுக்கு மாத்தினேன்னு சொன்னா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கும் புரிந்தது. ஆறு நாளாக நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் கைப்பிடி வலதுபக்கம்தான் இருந்தது. அந்தப் படம் வயலில் நான் பார்த்ததா, ஆஸ்பத்திரியில் அவள் சொல்லிக் கேட்டதா? இனிமேல் அதைப் பிரிக்க யாராலும் முடியாது. உப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டு இது எந்தக் கல் என்று கேட்பது போலத்தான்.

சுவரோரம் இருந்த இறக்கைகளைப் பார்த்தேன். இரண்டிலும் செருப்புத் தடம், வெறுங்கால் தடம், கயிறு உரசிய தடம். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா உங்க செருப்புத் தடத்தை வச்சே முடிவு பண்ணியிருக்கலாங்க. வயல் மண்ணுதானே, நல்லா பதிஞ்சிருக்கும். லாரியில ஏத்தறதுக்குள்ள எத்தனையோ பேர் ஏறி இறங்கிட்டாங்க." கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டவளுக்கு எங்கே தப்பு என்று காட்டுவது போலச் சொன்னார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவர்களை எத்தனை தடவை நான் கேலி பண்ணியிருக்கிறேன்.

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டேப்பை மூடியது நான், விமானம் நின்ற பிறகு. மூடுவதற்கு முன் அது எந்தப் பக்கம் இருந்தது என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. அவள் ஆகாயத்திலேயே மூடிவிட்டாள் என்ற பேச்சு அத்தோடு போய்விடும் என்றார். டேங்க் மாற்றினாளா என்பதற்கு மட்டும் சாட்சி இல்லை, அவள் சொல்வதுதான் இருக்கிறது. "அதை எப்படி எடுத்துக்கறதுன்னு மேல முடிவு பண்ணுவாங்க" என்றார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் பள்ளிக்கும் கடிதம் போகும் என்றும் சொன்னார். தலையாட்டினேன். பத்து நாளாக நான் பயந்து செத்தது அதற்குத்தான், கேட்டபோது காதிலேயே ஏறவில்லை.

வெளியே வந்து, "புத்தூருக்கு விடுங்க" என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திய வீட்டுக்காரர், "நானும் வரவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத்தாள், பேனா. இன்னும் எழுத ஆரம்பிக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர், நல்ல நேரத்துல வந்தீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, பிளாஸ்க்கை எடுத்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஷெட்டில் சொன்னதைவிட நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். வாடை வந்தது, ஏறினேன், மூடினேன், போலீஸ் கேட்டபோது இல்லை என்றேன்.

அவள் பேனாவை மூடினாள்.

"எந்தப் பக்கம் இருந்துச்சு ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ரைட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது உண்மையாகக்கூட இருக்கலாம். அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும். ஆனால் அவளிடம் இன்னொரு தடவை வாய்க்கு வந்ததைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"என் பக்கமா இருந்துச்சும்மா. நான் எந்தப் பக்கம் நின்னேன்னு எனக்குத் தெரியலை. அன்னைக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலது கை போர்வையிலிருந்து எழுந்து, கட்டிலின் ஓரத்தில் இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்தது. திருப்பியது, நின்றது. மறுபடி ஒரு தடவை. "மாத்தினேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து மடியிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு இங்க வந்து உக்காந்திருந்தீங்களே. நான்தான் மூடிட்டேனோன்னு உங்ககிட்ட கேட்டேன். அப்பவே உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா கையில் பாதி ஊற்றிய டம்ளரோடு நின்றார். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, மகள் காலடியில் நழுவியிருந்த போர்வையைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "போயிட்டு வரேன்" என்றேன். வாங்க என்று அங்கே யாரும் சொல்லவில்லை.